கம்பி சொன்ன முகவரி

போன கோடையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் என் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று சுழன்றடித்தது. தெருக்கோடியில் ஒரு பெரிய கிளை முறிந்து மின்கம்பி மேல் விழ, வீடு முழுக்க இருட்டு.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்தாள். "அம்மா ஆபீஸ்ல இருந்து கிளம்பிட்டாங்களான்னு கேக்குறேன் தாத்தா" என்று கூடத்து மேஜையில் இருந்த வீட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்தாள். வைத்தவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுமே கேக்கல தாத்தா. உர்ருன்னு ஒரு சத்தம் வருமே, அதுகூட இல்ல!"

அந்த உர்ர் சத்தத்துக்கு டயல் டோன் என்று பெயர். நான் முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன். எங்கள் காலத்தில் ஊரே இருட்டில் கிடந்தாலும் கம்பி அறுந்தால் ஒழிய அந்தச் சத்தம் நிற்காது. என் கைபேசியில் அவள் அம்மாவோடு பேசிவிட்டோம். அவள் வழியில் பத்திரமாக இருந்தாள். ஆனால் பேத்திக்கு மனம் அடங்கவில்லை.

"கரண்ட் போனா போனும் போயிடுமா? இப்ப யாருக்காவது அடிபட்டா 911-க்கு எப்படித் தாத்தா கூப்பிடுறது?"

சின்னப் பிள்ளை கேட்ட பெரிய கேள்வி. 911 என்பது அமெரிக்காவில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்குமான ஒரே எண். நம் ஊரில் 112 இருக்கிறதே, அதைப்போல. அன்று ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவளுக்குச் சொன்னதைத்தான், குழந்தைகளே, இப்போது உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

இருட்டிலும் பேசிய போன்

பழைய மாதிரிப் போன் ஒன்றைத் திறந்து பார்த்தால் உள்ளே பேட்டரி இருக்காது. அதைக் கரண்ட் பிளக்கில் செருகுவதும் கிடையாது. சுவரிலிருந்து வரும் இரண்டு மெல்லிய செம்புக் கம்பிகள் மட்டும்தான். அப்படியானால் அது ஓட மின்சாரம் எங்கிருந்து வந்தது? அந்தக் கம்பி வழியாகவே, எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது.

எங்கள் எக்ஸ்சேஞ்சில் பேட்டரி ரூம் என்று தனி அறை உண்டு. கதவைத் திறந்தாலே அமில நெடி மூக்கில் ஏறும். உள்ளே வரிசையாக 24 செல்கள் நிற்கும். ஈயத் தகடும் அமிலமும் கொண்ட பெரிய தொட்டிகள் அவை. ஒவ்வொன்றும் சுமார் 2 வோல்ட் தரும். 24-ஐ 2-ஆல் பெருக்குங்கள். 48 வோல்ட். உலகத்தின் பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகளில் இதே 48 வோல்ட்தான். தினமும் ஒவ்வொரு செல்லாகப் பார்த்து, அமிலத்தின் அடர்த்தியை அளந்து நோட்டில் எழுதுவோம். மட்டம் இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவோம். மின்வாரியக் கரண்ட் போனால் இந்தப் பேட்டரிகள் தாங்கும். அவை இறங்குவதற்குள் பின்கட்டில் டீசல் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிவிடும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் பூமியோடு இணைப்போம். வீடுகளுக்குப் போகும் கம்பிக்கு நெகட்டிவ். அப்படிச் செய்தால் ஈர மண்ணுக்குள் கிடக்கும் செம்பு அரித்துப்போவது குறையும்.

நீங்கள் ரிசீவரை எடுக்கிறீர்கள். போனுக்குள் ஒரு சின்ன சுவிட்ச் மூடிக்கொள்கிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீடு வந்து திரும்பிப் போகும் மின்சுற்று முழுமையாகிறது. அதில் சில பத்து மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. "ஓகோ, இந்த வீட்டில் யாரோ பேச வந்திருக்கிறார்கள்" என்று எக்ஸ்சேஞ்ச் தெரிந்துகொண்டு டயல் டோனை அனுப்புகிறது. உங்கள் வீட்டில் கரண்ட் இருக்கிறதா, இல்லையா என்ற கேள்விக்கே இதில் இடமில்லை.

குரலை நறுக்கும் பெட்டி

"அப்ப இந்தப் போன் வேற மாதிரியா?" என்றாள் பேத்தி.

வேறு மாதிரிதான். அவள் வீட்டில் இருந்தது இணையப் போன். பார்வைக்குப் பழைய போனைப் போலவே இருக்கும். உள்ளே நடப்பது முற்றிலும் வேறு.

பழைய போனில் உங்கள் குரலின் அலை எப்படி ஏறி இறங்குகிறதோ, அப்படியே கம்பியில் மின்னோட்டமும் ஏறி இறங்கும். இணையப் போன் குரலை அளக்கிறது. வழக்கமான முறையில் ஒரு நொடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாக மாற்றுகிறது. அந்த எண்களை 160, 160-ஆகக் கட்டுக் கட்டுகிறது. ஒரு கட்டு என்பது ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குப் பேச்சு. அதாவது நொடிக்கு 50 கட்டுகள். நீங்கள் "அம்மா" என்று கூப்பிட அரை நொடி ஆனால், அந்த ஒரு சொல் 25 கட்டுகளாகப் பிரிந்து பயணம் போகிறது. ஒவ்வொரு கட்டும் தபால் உறை மாதிரி. மேலே போய்ச் சேர வேண்டிய இடம் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்துப் பெட்டி எல்லா உறைகளையும் வாங்கி, வரிசைப்படுத்தி, மறுபடி "அம்மா" என்று ஒலிக்கிறது. இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில்!

இந்த நறுக்கலுக்கும் கட்டலுக்கும் வீட்டுக்குள்ளேயே இயந்திரங்கள் ஓட வேண்டும். பேத்தி டார்ச்சை அடித்துக்கொண்டு போன் வயரின் பின்னாலேயே போனாள். வயர் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியில் முடிந்தது. குரலை நறுக்குவது அதுதான். அதிலிருந்து ஒரு வயர் வை-ஃபை தரும் ரவுட்டருக்கு. ரவுட்டரிலிருந்து இன்னொரு வயர் நிலவறைச் சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டிக்கு. அங்கேதான் வெளியிலிருந்து வரும் கண்ணாடி இழை நுழைகிறது. மூன்று பெட்டிகள், மூன்று பிளக்குகள். எப்போதும் பச்சையாக மினுக்கும் விளக்குகள் மூன்றிலும் அணைந்து கிடந்தன.

"இந்தக் கண்ணாடி நூல்ல கரண்ட் வராதா தாத்தா?"

வராது. கண்ணாடி இழை ஒளியைக் கொண்டுவரும், மின்சாரத்தைக் கொண்டுவராது. செம்புக் கம்பி பேச்சையும் மின்சாரத்தையும் சேர்த்தே சுமந்தது. கண்ணாடி இழை பேச்சை மட்டும் சுமக்கிறது. மின்சாரம் நம் பொறுப்பாகிவிட்டது. அந்த நேரத்திலும் தூரத்திலிருந்து ஒளி எங்கள் வீட்டுச் சுவர் வரை வந்துகொண்டிருந்திருக்கலாம். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

பெட்டிகளுக்குப் பேட்டரி வைத்துக்கொள்ளலாம். ஒரு கணக்குப் போடுவோம். மூன்று பெட்டிகளும் சேர்ந்து 25 வாட் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் 100 வாட்-மணி பேட்டரி ஒன்று இருக்கிறது. எத்தனை மணி நேரம் வரும்? 100-ஐ 25-ஆல் வகுத்தால் 4 மணி நேரம். அமெரிக்காவில் தொலைபேசிச் சேவைகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 2015-இல் ஒரு விதி போட்டது. வீட்டுக் கரண்டை நம்பி ஓடும் வீட்டுப் போன் சேவை தருபவர்கள், 8 மணி நேரம் தாங்கும் பேட்டரி வசதியை வாடிக்கையாளர் விலைக்கு வாங்கிக்கொள்ள வழி செய்ய வேண்டியிருந்தது. பின்னர் அது 24 மணி நேர வசதியாக உயர்ந்தது. அந்த விதி 2025 வரைதான் நடப்பில் இருந்தது. அப்போதும் பேட்டரியை நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பல வீடுகளில் அப்படி ஒன்று உண்டு என்பதே தெரியாது. என் மகள் வீட்டிலும் தெரியவில்லை.

கரண்ட் இருந்தாலும் இணையம் நின்றுபோனால் இணையப் போன் நின்றுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதுவரை சொன்னது முதல் குறை. இரண்டாவது குறை இதைவிட மறைவானது.

எண்ணைப் பார்த்தால் வீடு தெரியும்

எக்ஸ்சேஞ்சுக்குள் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இரும்புச் சட்டம் ஒன்று நிற்கும். ஊரின் எல்லாத் தெருக்களிலிருந்தும் பூமிக்கடியில் வரும் கேபிள்கள் அதில்தான் வந்து முடியும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஜோடிக் கம்பி. இந்த எண் என்றால் இந்த ஜோடி. இந்த ஜோடி என்றால் இந்தத் தெரு, இந்த வீடு. வீடு மாறிப் போகிறவர் போனைத் தூக்கிக்கொண்டு போகலாம். கம்பியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. புது வீட்டுக்கு லைன்மேன் வந்து இணைப்புக் கொடுத்த பிறகுதான் போன் பேசும். அப்போதே பதிவேட்டில் முகவரியும் மாறிவிடும். கம்பியே முகவரி!

அமெரிக்காவின் 911 இந்த உண்மையின் மேல்தான் வளர்ந்தது. அவசர உதவிக்கு ஒரே எண் என்பதை முதலில் செய்து காட்டியது லண்டன். 1937-இல் அங்கே 999 வந்தது. அமெரிக்காவின் முதல் 911 அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிற்றூரில் ஒலித்தது. மாநிலச் சட்டமன்றத் தலைவர் ராங்கின் ஃபைட் அழைத்தார். காவல் நிலையத்தில் ஒரு சிவப்புத் தொலைபேசியை எடுத்துப் பதில் சொன்னவர் நாடாளுமன்ற உறுப்பினர் டாம் பெவில்.

பின்னாளில் இந்த ஏற்பாடு இன்னும் கெட்டிக்காரத்தனம் பெற்றது. இன்று அந்த நாடு முழுக்க 5,000-க்கும் மேற்பட்ட அவசர அழைப்பு மையங்கள் இருக்கின்றன. செம்புக் கம்பிப் போனிலிருந்து 911 அழைத்தால், அழைப்பு அந்தப் பகுதியின் மையத்துக்கே போகும். மையத்தில் இருப்பவரின் திரையில் எண் வரும். எண்ணை வைத்துப் பதிவேட்டில் தேடி முகவரியும் வந்துவிடும்.

இதனால் என்ன பயன் தெரியுமா? அழைத்தவர் பேசவே முடியாவிட்டாலும் உதவி வரும். பக்கவாதம் வந்து நாக்குக் குழறும் ஒரு பாட்டி. புகையில் மூச்சுத் திணறும் ஒருவர். தன் தெருப் பெயரைச் சொல்லத் தெரியாத மூன்று வயதுக் குழந்தை. இவர்கள் மூன்று இலக்கத்தை அழுத்தினால் போதும். மிச்சத்தைக் கம்பி சொல்லிவிடும்.

அனுப்புநர் முகவரி இல்லாத உறை

இணையப் போனின் எண் எந்தக் கம்பியோடும் கட்டப்படவில்லை. அது ஒரு கணக்கோடு கட்டப்பட்டது. அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு எந்த ஊருக்கும் போகலாம். இணையம் உள்ள இடத்தில் செருகினால் அதே எண்ணில் பேசலாம். நியூ ஜெர்சி எண் கலிஃபோர்னியாவில் மணி அடிக்கும். சென்னையிலும் அடிக்கும். இது அதன் பெரிய வசதி. இதுவே அதன் பெரிய சிக்கலும்கூட.

"உறை மேல அனுப்புறவங்க விலாசம் இருக்கணுமே?" என்று கேட்டாள் பேத்தி.

இருக்கிறது, ஆனால் அது கணினிக்குப் புரியும் எண். பதில் உறையைத் திருப்பி அனுப்ப அது போதும். எந்தத் தெரு, எத்தனையாவது மாடி, எந்தக் கதவு என்று அது சொல்லாது. இன்னொன்றும் உண்டு. கம்பி போட்டுக் கொடுத்த நிறுவனம் ஒன்றாக இருக்கும். அந்தக் கம்பி மேல் பேச்சை நடத்தும் நிறுவனம் வேறாக இருக்கும். கம்பிக்காரருக்கு வீடு தெரியும். அங்கே யார் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. பேச்சுக்காரருக்கு எண் தெரியும். அது எந்த வீட்டிலிருந்து பேசுகிறது என்று தெரியாது.

அதனால் இணையப் போன் நிறுவனம் பெரும்பாலும் ஒரே ஒரு வழியைத்தான் நம்புகிறது. போன் வாங்கும்போது "உங்கள் முகவரி என்ன?" என்று நம்மையே கேட்டுப் பதிவு செய்துகொள்கிறது. 911 அழுத்தினால், அழைப்பு எந்த ஊர் மையத்துக்குப் போக வேண்டும் என்பதை அந்தப் பதிவுதான் முடிவு செய்கிறது. திரையில் வரும் முகவரியும் அந்தப் பதிவுதான். பதிவு தவறாக இருந்தால்? ஆம்புலன்ஸ் தவறான வீட்டுக்குப் போகும்.

ஹூஸ்டனும் கால்கரியும்

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை, குழந்தைகளே.

2005 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் ஒரு வீட்டுக்குள் கொள்ளையர்கள் புகுந்தார்கள். பெற்றோர் இருவரும் குண்டடி பட்டுக் காயமடைந்தார்கள். 17 வயது மகள் ஓடிப்போய் வீட்டுப் போனை எடுத்து 911 அழுத்தினாள். அது இணையப் போன். இந்த இணைப்பில் 911 கிடைக்காது என்று பதிவு செய்து வைத்த குரல் ஒன்று சொன்னது. அவள் பக்கத்து வீட்டுக்கு ஓடி, அங்கிருந்துதான் உதவி கேட்க முடிந்தது. அந்தக் காலத்தில் பல இணையப் போன்களில் 911 வசதி தானாக வராது. வாடிக்கையாளர் தனியாகச் சொல்லித் தொடங்க வேண்டும். சொல்லாவிட்டால் இல்லை. அது அந்த வீட்டாருக்கு ஆபத்து நேரத்தில்தான் தெரிந்தது.

நாடே அதிர்ந்தது. 2005 மே 19 அன்று தகவல் தொடர்பு ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. பொதுத் தொலைபேசிகளோடு பேச வழி செய்யும் ஒவ்வோர் இணையப் போனிலும் 911 இருந்தே ஆக வேண்டும். கெடு 120 நாள். சேவை தொடங்கும் முன் வீட்டு முகவரியைக் கேட்டு வாங்க வேண்டும். அதை எளிதில் மாற்ற வழி தர வேண்டும். இந்தப் போனில் 911-க்கு என்னென்ன குறைகள் உண்டு என்று வாடிக்கையாளருக்கு விளக்கி, அவர் புரிந்துகொண்டதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும். போன் மேல் ஒட்ட எச்சரிக்கைச் சீட்டும் கொடுக்க வேண்டும்.

மூன்று வருஷம் கழித்துக் கனடாவில் நடந்தது இன்னும் வருத்தமானது. அங்கே இடம் மாறக்கூடிய இணையப் போன்களின் 911 அழைப்பு முதலில் நடுவில் ஓர் அழைப்பு மையத்துக்குப் போகும். அங்கிருப்பவர் இடத்தைக் கேட்டு, உரிய ஊருக்கு மாற்றிவிடுவார். 2008 ஏப்ரலில் கால்கரி நகரில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றுக்கு உடம்பு மிகவும் முடியாமல் போனது. குடும்பத்தினர் இணையப் போனில் 911 அழைத்தார்கள். அவர்கள் அதற்கு முன் டொராண்டோவுக்குப் பக்கத்தில் மிசிசாகா என்ற ஊரில் இருந்தவர்கள். பதிவேட்டில் அந்தப் பழைய முகவரியே இருந்தது. ஆம்புலன்ஸ் 2,500 கிலோமீட்டருக்கும் அப்பால் அந்தப் பழைய வீட்டுக்குப் போனது. இங்கே இவர்கள் காத்திருந்தார்கள். காத்திருந்து பார்த்து, பக்கத்து வீட்டுச் செம்புக் கம்பிப் போனில் அழைத்தபோது சில நிமிடங்களில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஆனால் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

இதைக் கேட்டுவிட்டுப் பேத்தி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "தாத்தா, நாமளும் போன வருஷம் வீடு மாறினோமே?"

933 சொன்ன முகவரி

மறுநாள் காலையில் கரண்ட் வந்துவிட்டது. மூன்று பெட்டிகளும் விழித்து, விளக்குகள் மினுக்கி, போனில் டயல் டோன் வரச் சில நிமிடங்கள் பிடித்தன. கரண்ட் வந்த கையோடு போன் வந்துவிடாது என்பதைப் பேத்தி கடிகாரத்தை வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

911 எண்ணைச் சோதனைக்காகவோ விளையாட்டுக்காகவோ ஒருபோதும் அழைக்கக் கூடாது. உண்மையாகவே உயிருக்குப் போராடும் ஒருவரின் இடத்தை நாம் பிடித்துக்கொண்டவர்களாவோம். அதற்காகவே அமெரிக்காவின் பல இணையப் போன்களில் 933 என்று ஒரு சோதனை எண் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால், நம் எண்ணுக்குப் பதிவாகியிருக்கும் முகவரியை ஓர் இயந்திரக் குரல் படித்துக் காட்டும்.

என் மகள் 933 அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். நாங்கள் மூன்று பேரும் மேஜையைச் சுற்றி நின்றோம். குரல் எண்ணைச் சொன்னது. பிறகு முகவரியைச் சொன்னது. தெருப் பெயர் வந்ததுமே மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அது அவர்கள் காலி செய்துவிட்டு வந்த பழைய அடுக்குமாடி வீடு. ஒரு வருஷமாக அந்தப் போன் "நாங்கள் அங்கேதான் இருக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"பேங்க்குக்குச் சொன்னேன், ஸ்கூலுக்குச் சொன்னேன், போஸ்ட் ஆபீஸுக்குக்கூடச் சொன்னேன்ப்பா. போனுக்குச் சொல்லணும்னு தோணவே இல்லையே!"

அவளைக் குறை சொல்ல முடியுமா? நூறு வருஷமாகப் போனுக்கு முகவரி சொல்ல வேண்டிய தேவையே யாருக்கும் இருந்ததில்லை. உடனே கணினியைத் திறந்து நிறுவனத்தின் பக்கத்தில் புது முகவரியைப் பதிந்தாள். மாற்றம் சென்று சேரக் கொஞ்சம் பொறுத்திருந்து, மறுபடி 933 அழைத்தோம். இந்தத் தடவை குரல் சரியான வீட்டைச் சொன்னதும் பேத்தி கைதட்டினாள்.

பிறகு போன் வந்த அட்டைப் பெட்டியைப் பரணிலிருந்து தேடி எடுத்தோம். உள்ளே பிரிக்காத ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒட்டுச் சீட்டு. கரண்டோ இணையமோ இல்லாதபோது 911 கிடைக்காமல் போகலாம் என்று அதில் அச்சிட்டிருந்தது. ஹூஸ்டன் வீட்டில் நடந்ததற்குப் பிறகு வந்த உத்தரவு, அந்தச் சீட்டாக மாறி எங்கள் பரண் வரைக்கும் வந்து, அங்கேயே உட்கார்ந்திருந்தது. பேத்தி அதை எடுத்துப் போன் மேல் ஒட்டினாள். கீழே தன் கையெழுத்தில் வீட்டு எண், தெரு, ஊர் மூன்றையும் எழுதி இன்னொரு சீட்டு ஒட்டினாள். பதற்றத்தில் சொந்த முகவரிகூட மறந்துபோகும் என்பது அவளுக்கு யாரும் சொல்லாமலே புரிந்திருந்தது.

செம்பு விடைபெறுகிறது

"அப்ப பழைய போனே நல்லதில்லையா தாத்தா?"

எனக்குச் செம்புக் கம்பி மேல் பாசம் உண்டு. முப்பது வருஷப் பழக்கம். ஆனாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். இணையப் போனில் குரல் தெளிவு. தூர தேசத்துக்குப் பேசச் செலவு குறைவு. மழையில் நனைந்து கரகரக்கும் கம்பி இல்லை. செம்பைப் பராமரிக்க ஆள் வேண்டும், உதிரிப் பொருள் வேண்டும். இரண்டும் குறைந்துகொண்டே வருகின்றன. உலகம் முழுக்கச் செம்பு விடைபெற்றுக்கொண்டிருக்கிறது.

பிரிட்டனில் 2027 ஜனவரிக்குள் பழைய தொலைபேசி வலையை மூடிவிடத் திட்டமிட்டிருக்கிறார்கள். அங்கே 2021 நவம்பரில் ஆர்வென் என்ற புயல் அடித்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனது. இணையப் போனுக்கு மாறினால் இப்படிப்பட்ட நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்ற கவலை அப்போது பெரிதாக எழுந்தது. அடுத்த ஆண்டு, நாட்டின் மிகப் பெரிய தொலைபேசி நிறுவனம் வீடுகளை மாற்றும் வேலையைச் சில காலம் நிறுத்தியே வைத்தது. வீட்டுப் போனையே நம்பியிருக்கும் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும், கரண்ட் போன பிறகு குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்புக்கு வழி செய்து தர வேண்டும் என்பது அங்கே விதி.

இது சீமைக் கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊரிலும் இப்போது பல வீடுகளில் லேண்ட்லைன் போன் ஃபைபர் பெட்டியில்தான் செருகியிருக்கிறது. கரண்ட் போய், பெட்டி அணைந்தால் அந்தப் போனும் ஊமைதான். இன்வெர்ட்டரில் மின்விசிறியையும் விளக்கையும் இணைக்கும் வீடுகள், அந்தப் பெட்டியை இணைக்க மறந்துவிடுகின்றன.

உங்களுக்கு நான்கு வேலை

இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் இவற்றைச் செய்யுங்கள்.

முதலாவது, உங்கள் வீட்டில் லேண்ட்லைன் இருந்தால் அதன் வயரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போங்கள். அது சுவருக்குள் போகிறதா, பிளக்கில் செருகிய பெட்டிக்குப் போகிறதா? பெட்டிக்குப் போனால், கரண்ட் இல்லாதபோது அது எத்தனை நேரம் தாங்கும் என்று அப்பா அம்மாவிடம் கேளுங்கள். கம்பியில்லாமல் கையில் எடுத்துப் பேசும் கார்ட்லெஸ் போனாக இருந்தால், அதன் தொட்டிலுக்கும் கரண்ட் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, அவசரத்துக்கு ஒரு வழியை மட்டும் நம்பாதீர்கள். சார்ஜ் உள்ள கைபேசி ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கட்டும். அதுவும் இல்லையென்றால் எந்தப் பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டும் என்று இன்றைக்கே முடிவு செய்து வையுங்கள். ஹூஸ்டன் சிறுமிக்குக் கைகொடுத்தது பக்கத்து வீடுதான்.

மூன்றாவது, வெளிநாட்டில் உங்கள் அத்தையோ சித்தப்பாவோ இருந்தால், அடுத்த முறை பேசும்போது கேளுங்கள்: "உங்க வீட்டுப் போன் இணையப் போனா? அதுல உங்க முகவரி சரியா இருக்கா?" வீடு மாறியவர்களிடம் கட்டாயம் கேளுங்கள்.

நான்காவது, உங்கள் முகவரியை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கதவு எண், தெரு, ஊர், பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த அடையாளம் ஒன்று: கோயிலோ, பள்ளிக்கூடமோ, தண்ணீர்த் தொட்டியோ. வீட்டில் உள்ள தம்பி தங்கைக்கும், வயதான பாட்டிக்கும் சொல்லிக் கொடுங்கள். போன் பக்கத்தில் எழுதியும் ஒட்டுங்கள்.

நாம் சொல்லாமலே நம் வீட்டை அடையாளம் காட்டிய கம்பி போய்விட்டது. இனி அந்த வேலை நம் வாயில்தான் இருக்கிறது. 112-ஐ அழைத்தாலும், 108-ஐ அழைத்தாலும், 911-ஐ அழைத்தாலும், அந்தப் பக்கம் யாராவது எடுத்ததும் அழாதீர்கள், கத்தாதீர்கள். எங்கே இருக்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். என்ன நடந்தது என்பதை அடுத்துச் சொல்லலாம். நடுவில் போன் நின்றுபோனாலும், இடம் தெரிந்தால் உதவி கிளம்பிவிடும்.